கயிற்றில் ஏறிய கேசட்

ரங்கூன் நகரத்துக்குள் இருக்கும் பழைய மாடி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கயிறுகள் தெரியும். ஒவ்வொரு மாடி பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். மேல் முனையில் ஒரு மணி, கீழ் முனையில் ஒரு கிளிப். பேப்பர் கொண்டு வருகிறவர் கிளிப்பில் பேப்பரை மாட்டிவிட்டுக் கயிற்றை இழுப்பார். மேலே மணி அடிக்கும், வீட்டில் இருப்பவர்கள் தூக்கிக்கொள்வார்கள். லிஃப்ட் கிடையாது, படிக்கட்டோ ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், அதனால்தான் இந்த ஏற்பாடு. காய்கறி, சாவி, கரண்ட் பில் எல்லாம் அப்படித்தான் மேலே ஏறும். 1990களின் நடுவில் எங்கள் தெருவில் ஒரு கயிற்றில் வாரத்துக்கு ஒரு தடவை பிளாஸ்டிக் பையில் சுற்றிய கேசட் ஒன்றும் ஏறும். அயர்ன் கிராஸ் கேசட்.

பர்மாவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அயர்ன் கிராஸ் எங்கள் ஊர் ராக் குழு, 90களின் தொடக்கத்தில் எழுந்து வந்தவர்கள். இங்கே யாரும் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'ஐ.சி.' என்றாலே போதும். லீட் கிட்டார் சிட் சான் மாங், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் கின் மாங் தான்ட், கீபோர்டு பான்யா நைங், டிரம்ஸ் கா யான். பாடுகிறவர் மட்டும் ஒருவர் இல்லை. லே பியு, அங்ஙே, மியோ ஜீ, வை வைன் என்று நான்கு பேர். ஒருவர் பாடி முடித்து உள்ளே போவார், அடுத்தவர் வருவார். பின்னால் வாசிக்கிறவர்கள் அப்படியே நிற்பார்கள். கேசட் பாடகரின் பெயரில் வரும், உள்ளே கேட்பது ஐ.சி.யின் வாசிப்பு.

நாங்கள் ஐந்து பேர். நான், அனவ்ரதா ரோட்டுக் காளி கோவிலுக்குப் பக்கத்துத் தெருக்காரன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் அந்த ரோட்டைப் பிரேசர் தெரு என்றுதான் சொல்வார்கள். மொகல் தெருவிலிருந்து ஒரு தமிழ் முஸ்லிம் நண்பன். என் வகுப்பில் படித்த ஒரு பர்மியன், அவன் அப்பா பஸ் கண்டக்டர். சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசித்த, கரேன் இனத்துப் பையன் ஒருவன். அப்புறம் எதிர்வீட்டு நான்காம் மாடி அக்கா. எங்களைவிட இரண்டு வயது பெரியவர், அவர் அப்பா கோவிலில் தவில் வாசிப்பவர். இந்த ஐந்து பேரை வேறு எந்தக் காரணமும் ஒரே இடத்தில் உட்கார வைத்திருக்காது. பள்ளிக்கூடம் எங்களில் இரண்டு பேரைச் சேர்த்தது, தெரு இரண்டு பேரைச் சேர்த்தது. ஐந்து பேரையும் சேர்த்தது ஐ.சி. மட்டும்தான்.

ஆரம்பத்தில் நாங்களும் எல்லோரையும் போல 'யார் பெரிய பாடகர்' என்று டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ரங்கூன் டீக்கடையில் மணிக்கணக்காக உட்காரலாம். குட்டி ஸ்டூல், மேசை மேல் காசு கேட்காத பச்சைத் தேயிலைத் தண்ணீர் பிளாஸ்க். ஒருவன் 'ச்சோ செய்ன்' சொல்வான், அது பாலும் சர்க்கரையும் தூக்கலாக இருக்கும். இன்னொருவன் 'ச்சா செய்ன்' சொல்வான், அதில் டிக்காக்ஷன் தூக்கல். எனக்கு லே பியுதான் எல்லாம். மொகல் தெருக்காரனுக்கு மியோ ஜீ. பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்கும், ஒருவனும் இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டான். மூன்று மாதம் இப்படியே போயிருந்தால் நாங்கள் பிரிந்திருப்போம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஒரே குழுவைப் பிடிக்கிறது என்பது பேச்சை ஆரம்பிக்க உதவும். அதற்கு மேல் அது தானாக எதையும் செய்யாது.

மாற்றியவன் கரேன் நண்பன். அவன் அதிகம் பேசமாட்டான். ஒரு நாள் சாயங்காலம், "நீங்க எல்லாரும் பாடுறவரையே கேக்குறீங்க, பேஸை யாராவது ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டான். யாரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டு கேசட் பிளேயரில் பேஸ் கேட்கவும் கேட்காது, ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம்தான். அவன் பிளேயரைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மா அரிசி போட்டு வைத்திருந்த பழைய மரப்பெட்டி மேல் வைத்தான். பெட்டி பாதி காலியாக இருந்தது. சத்தத்தைக் குறைத்தான். "காதை விடு, கையை வை" என்றான். பெட்டியின் பக்கப் பலகையில் கையை வைத்தேன். முதல் சரணம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சரணத்தில் மரத்துக்குள் எதுவோ நடப்பது போல விரல் நுனியில் ஒரு அசைவு. அது டிரம்ஸோடு சேர்ந்து போகிறது, ஒரு இடத்தில் நிற்கிறது, லே பியு மூச்சு வாங்குகிற அந்த அரை நொடியில் இரண்டு அடி எடுத்து வைத்து அவரை அடுத்த வரிக்குக் கூட்டிப்போகிறது. நூறு தடவைக்கு மேல் கேட்ட பாட்டு. அதற்குள் இப்படி ஒருவர் நடந்துகொண்டே இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. நண்பன் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு கேசட், ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. "இந்த வாரம் நீ பேஸ், நீ டிரம்ஸ், நீ கீபோர்டு, நீ கிட்டார், நீ பாட்டு வரிகள்." வாரக் கடைசியில் அவரவர் கேட்டதைச் சொல்ல வேண்டும். 'நல்லா இருக்கு' என்பது செல்லாது. எந்தப் பாட்டில், எந்த இடத்தில், என்ன நடந்தது என்று ஒன்றாவது சொல்ல வேண்டும். அடுத்த வாரம் பங்கு மாறும். நட்பை வளர்க்க யாராவது என்னிடம் வழி கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். பிடித்ததை மட்டும் பேசினால் ஒரு மாதத்தில் பேச்சு தீர்ந்துவிடும். நண்பனுக்குப் பிடித்த இடத்தில் உங்கள் காதைக் கொண்டுபோய் வையுங்கள். அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்பது உங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். பேஸ்காரன் ஏன் கூட்டத்தில் எப்போதும் பின்னால் நிற்கிறான், ஏன் யாராவது தடுமாறினால் முதலில் கை நீட்டுகிறான் என்பது எனக்கு அந்த அரிசிப் பெட்டியில்தான் விளங்கியது.

அக்கா டீக்கடைக்கு வர முடியாது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் சாயங்காலம் டீக்கடையில் பையன்களோடு உட்கார மாட்டார்கள். கயிறு அதற்காகத்தான். புதன்கிழமை நாங்கள் கேட்டு முடித்த கேசட்டைப் பையில் போட்டுக் கிளிப்பில் மாட்டி இழுப்போம், மணி அடிக்கும், அக்கா தூக்கிக்கொள்வார். சனிக்கிழமை கேசட்டோடு ஒரு துண்டுச் சீட்டும் இறங்கும். அதில் அக்கா டிரம்ஸைப் பற்றித் தமிழில் எழுதியிருப்பார். தவில்காரர் வீட்டுப் பெண், அவருக்குக் கணக்கு காதிலேயே இருக்கும். 'மூணாவது பாட்டுல கா யான் ஒரு இடத்தில அடிக்க வேண்டியதை அடிக்காம விட்டிருக்கார். அந்த வெத்திடம்தான் அழகு, அப்பாவும் இப்படி விடுவாங்க' என்று ஒரு சீட்டு. நான் அதைப் பர்மிய மொழியில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். பிறகு மாடிப்படியிலேயே உட்கார்ந்து கேட்கலாம் என்று அக்காவின் அம்மா சம்மதித்தார். கதவு திறந்திருக்கும், அம்மா உள்ளே வேலை பார்ப்பார், நாங்கள் படிக்கு ஒருவராக உட்காருவோம். குழுவில் ஒருவரால் வர முடியாத இடத்தை உங்கள் சந்திப்பு இடமாக வைக்காதீர்கள். வசதி பார்த்தால் டீக்கடைதான் வசதி. ஆனால் ஐந்தில் ஒருவர் சீட்டு வழியாகத்தான் பேசுகிறார் என்றால் அது நாலு பேர் நட்புதான்.

மொழி விஷயம் தனி. தமிழ்ப் பள்ளிகள் 60களில் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை கோவில் வகுப்பில்தான் நான் தமிழ் எழுதப் படித்தேன். பர்மிய மொழி பள்ளிக்கூடத்தில் வந்தது, ஆனால் அது பரீட்சைக்கான மொழி. பாட்டு வரிகள்தான் அதை எனக்கு உள்ளே இறக்கின. கண்டக்டர் மகன் நாலு நோட்டு முழுக்க வரிகளைக் காதால் கேட்டு எழுதி வைத்திருந்தான். பான்சோடான் தெருப் புத்தகக் கடைகளில் கிட்டார் கார்ட்ஸ் குறித்த பாட்டுப் புத்தகம் கிடைக்கும். இருந்தாலும் அவன் எழுதியதைத்தான் நாங்கள் நம்பினோம். பர்மிய மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் அர்த்தமே மாறிவிடும். 'ங்கா' என்று தாழ்த்திச் சொன்னால் நான், உயர்த்தி இழுத்தால் மீன் அல்லது ஐந்து. பாட்டில் மெட்டும் சேர்ந்து இழுப்பதால் இன்னும் கவனம் வேண்டும். என் உச்சரிப்பை அவன் யார் முன்னாலும் திருத்தியதில்லை. வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, அந்த வரியை அவன் ஒரு தடவை மெதுவாகப் பாடுவான், அவ்வளவுதான். நான் பிடித்துக்கொள்வேன். அந்தப் பண்பை நான் பிறகு என் பிள்ளைகளிடம், கடையில் வேலை செய்யும் பையன்களிடம் எல்லாம் கடைப்பிடிக்கப் பார்க்கிறேன்.

கேசட் இரவல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தவறு என்னுடையது. ரங்கூனில் மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. எதை மூடி வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். மொகல் தெருக்காரன் காசு சேர்த்து வாங்கிய கேசட்டை நான் ஜன்னல் திண்டில் மூன்று வாரம் மறந்து வைத்துவிட்டேன். எடுத்துப் போட்டால் டேப் ஒட்டிக்கொண்டு இழுத்து அறுந்தது. இரண்டு நாள் அவன் கண்ணில் படாமல் சுற்றினேன். அது கேசட்டை அறுத்ததைவிடப் பெரிய தவறு. மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன். அவன் திட்டவில்லை, உள்ளே போய்ச் சின்ன ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தான். இருவரும் தரையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தோம். ஐந்து ஸ்க்ரூ. மேல் மூடியைத் தூக்கும்போது உருளைகள் தெறிக்காமல் விரலால் அமுக்கிக்கொள்ள வேண்டும். டேப்பைக் கையால் மெதுவாகச் சுற்றிச் சுற்றி உலர்ந்த பஞ்சால் பூஞ்சையைத் துடைத்தோம். அறுந்த இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சாய்வாக வெட்டினால் சேரும் இடத்தில் 'டக்' என்ற சத்தம் குறையும். ஒட்டும் டேப்பைப் பின்பக்கம்தான் ஒட்ட வேண்டும், பிளேயரின் ஹெட்டைத் தொடுகிற பக்கம் ஒட்டவே கூடாது. ஓரத்தில் பிசிறு இல்லாமல் பிளேடால் நறுக்கினோம். பாட்டில் ஒரு சொல் போய்விட்டது. அந்தச் சொல் வரும் இடத்தில் இன்றைக்கும் எனக்குள் ஒரு சின்ன இடைவெளி விழும், இப்போது போனில் முழுப் பாட்டும் வந்தாலும்கூட.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு வைத்தோம். எந்த கேசட் யாரிடம், எந்தத் தேதியில் வாங்கியது, எந்தத் தேதியில் திரும்பியது. நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு என்று முதலில் தயங்கினோம். ஆனால் கேசட் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியிராமல் போனது, மனசில் சந்தேகம் தங்கவில்லை. டிக்கெட்டுக்குச் சேர்க்கிற காசையும் அதே நோட்டில்தான் எழுதினோம். குறைவாகப் போட்டவன் யார் என்பது நோட்டை வைத்திருக்கும் ஒருவருக்கு மட்டும் தெரியும். அந்த ஒருவர் அக்கா.

பெரிய சண்டை ஒன்று வந்தது. கண்டக்டர் மகனின் மாமா கப்பலில் வேலை. அவர் கொண்டுவந்த வெளிநாட்டுக் கேசட்டில், எங்களுக்கு உயிரான ஒரு பாட்டின் மெட்டு அப்படியே இருந்தது, ஆங்கில வரிகளோடு. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "நாலு நோட்டு எழுதினேனே, எல்லாம் திருட்டா?" என்றான். மொகல் தெருக்காரன், "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, உனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்று சொல்லிவிட்டான். சொன்ன விதம் சரியில்லை. இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

பர்மாவில் இதற்குப் பெயர் 'காப்பி தச்சின்'. தச்சின் என்றால் பாட்டு. வெளிநாட்டு மெட்டை எடுத்துப் புதிதாகப் பர்மிய வரிகள் எழுதிப் பாடுவது. சொந்த மெட்டு என்றால் 'ஓன் டியூன்' என்பார்கள். இரண்டும் அருகருகே ஒரே கேசட்டில் இருக்கும். அன்றைக்கு நாட்டில் நடைமுறையில் இருந்தது 1914ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். புதுச் சட்டம் 2019இல்தான் நிறைவேறியது. வெளிநாட்டுக் குழுவிடம் அனுமதி வாங்கவோ பணம் அனுப்பவோ வழியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. மெட்டைப் போட்டவருக்கு ஒரு காசும் போகவில்லை என்பது உண்மை, அது எனக்கு இன்றும் வருத்தம்தான். அதே சமயம், இசைக் குறிப்புப் புத்தகமோ வகுப்போ இல்லாமல் கேசட்டை ஓட்டி நிறுத்தி ஓட்டி நிறுத்திக் காதாலேயே அந்த வாசிப்பைப் பிடித்து, அதற்குமேல் எங்கள் மொழியில் முழுக்க வேறு ஒரு கதையை வைத்தார்களே, அந்த உழைப்பையும் நான் மறுக்க மாட்டேன்.

சண்டை தீர்ந்தது பேசியதால் இல்லை. பஞ்சாயத்து வைத்துப் பார்த்தோம், இன்னும் மோசமானது. கடைசியில் அக்காதான் இரண்டு கேசட்டையும் மேலே வரவழைத்து, இரண்டு பேரையும் படியில் உட்காரச் சொல்லி, ஆங்கிலப் பாட்டை ஒரு தடவை, பர்மியப் பாட்டை ஒரு தடவை போட்டார். "யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மூணு தடவை கேட்டப்புறம் பேசுங்க." மூன்றாவது சுற்றில் மொகல் தெருக்காரன்தான் முதலில் பேசினான். கிட்டார் தனியாக வரும் இடத்தில் சிட் சான் மாங் கடைசி நாலு அடியை மாற்றியிருக்கிறார், ஒரு சுரத்தைக் கொஞ்சம் வளைத்து நீட்டியிருக்கிறார் என்று காட்டினான். கண்டக்டர் மகன் நோட்டை எடுத்து அந்த இடத்தில் எந்த வரி வருகிறது என்று பார்த்தான். பிரிந்துபோனவரை ரயில் நிலையத்தில் தேடுகிற வரி. அவன் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலால் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டான். நண்பர்கள் இருவர் ரசனை விஷயத்தில் முறைத்துக்கொண்டால் நடுவில் நின்று நியாயம் பேசாதீர்கள். அந்தப் பொருளையே அவர்கள் முன்னால் வையுங்கள், நேரம் கொடுங்கள்.

அந்தக் காலத்தில் பாட்டு வரிகள் எல்லாம் தணிக்கை வாரியத்தைத் தாண்டித்தான் வெளியே வரும். லே பியுவின் ஒரு ஆல்பத்துக்கு 'பவர் 54' என்று பெயர். ராணுவ ஆட்சியை எதிர்த்த ஆங் சான் சூ சியின் யுனிவர்சிட்டி அவென்யூ வீட்டு எண் 54. பிறகு அந்த ஆல்பம் வெறும் 'பவர்' ஆனது. இந்தச் சேதி எங்களுக்குக் காதோடு காதாகத்தான் வந்தது. டீக்கடையில் அதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. மாடிப்படியில் கதவைச் சாத்திவிட்டுக் கரேன் நண்பன் சொன்னான். ஒருவரை நம்பி இப்படி ஒரு விஷயத்தைச் சொல்வது எங்களுக்கு அன்றைக்குச் சாதாரணம் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையே வேறு.

மேடையில் ஐ.சி.யைப் பார்த்தது திஞ்சானில்தான். ஏப்ரல் நடுவில் வரும் தண்ணீர்த் திருவிழா. நம் சித்திரைப் பிறப்பும் அந்த நாட்களில்தான் வரும், அதனால் காலையில் கோவில், பகலில் பந்தல். பர்மியர்கள் பந்தலை 'மண்டாட்' என்பார்கள், நம் மண்டபம் என்ற சொல்லின் உறவு அது. தண்ணீர்க் குழாய்கள் பாய்ச்சுகிற பாய்ச்சலில் கண்ணைத் திறக்க முடியாது. அக்காவைக் கூட்டிப்போக அவர் அம்மா என் அம்மாவிடம் பேசி, விளக்கு வைப்பதற்குள் திரும்ப வேண்டும் என்று சம்மதித்தார். முதல் வருடம் பந்தல் வாசலில் சந்திப்போம் என்று வைத்தோம். அது பெரும் தவறு. கூட்டம் வாசலில்தான் சுழலும். பேஸ்காரனை இரண்டு மணி நேரம் தேடினோம். அடுத்த வருடம் ஒரு பஸ் ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, அங்கே ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டோம். காசும் பஸ் சில்லறையும் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போட்டு ஒருவர் கழுத்தில். ஒவ்வொரு பாடகர் மாறும்போதும் ஐந்து பேரும் தலையை எண்ண வேண்டும். லே பியு உள்ளே போய் அங்ஙே வருவதற்குள் எண்ணிவிடுவோம். கையில் குடிதண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், மேலே விழுகிற தண்ணீரைக் குடிக்காதீர்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குப் பேஸ் கையில் இல்லாமல் நெஞ்சில் கேட்டது. நண்பன் என் நெஞ்சில் தட்டி, "பெட்டி" என்று வாயசைத்தான்.

2008 மே மாதம் 2ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல். காலையில் பார்த்தால் ரங்கூனின் பெரிய மரங்கள் எல்லாம் ரோட்டில் கிடந்தன. கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாததால் மோட்டார் இல்லை, மாடிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அதே கயிறுகளில்தான் தண்ணீர்க் கேன் கட்டி இழுத்தோம். கயிறு உள்ளங்கையை அறுத்தது. கரேன் நண்பனின் சொந்தங்கள் ஐராவதி டெல்டாவில். அவன் மூன்றாம் நாள் கிளம்பினான். நாங்கள் நோட்டில் டிக்கெட்டுக்காகச் சேர்த்திருந்த காசு முழுவதையும், வீட்டுக்கு வீடு வாங்கிய அரிசியையும் அவனிடம் கொடுத்தோம். என்ன வேண்டும் என்று அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான், அவனை அவ்வளவு தெரியும். திரும்பி வந்தபோது அவன் சித்தி குடும்பத்தில் யாரும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அவன் படியில் உட்கார்ந்தான், நாங்களும் உட்கார்ந்தோம். அந்த மாதம் யாரும் கேசட் போடவில்லை. ஜூன் கடைசியில் அவனே பேட்டரி நாலு வாங்கிக்கொண்டு வந்தான்.

2014இல் சிம் கார்டு எங்கள் நாட்டுப் பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு சாட்டுக்கு வந்தது, அதற்கு முன்னால் அது பணக்காரர் வீட்டுப் பொருள். பாட்டு எல்லாம் போனுக்குள் போனது. நாங்களும் சிதறினோம். அக்கா திருமணமாகிச் சென்னை வியாசர்பாடியில் இருக்கிறார், பர்மாவிலிருந்து போனவர்கள் நிறைய பேர் இருக்கும் இடம். மொகல் தெருக்காரன் கோலாலம்பூரில். ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021க்குப் பிறகு பேஸ்காரன் எல்லை தாண்டி, தாய்லாந்தின் மே சாட்டில். கண்டக்டர் மகனும் நானும்தான் ரங்கூனில்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கேட்கிறோம். சென்னையில் இரவு ஏழு, எங்களுக்கு எட்டு, மே சாட்டில் எட்டரை, கோலாலம்பூரில் ஒன்பதரை. முதலில் வீடியோ கால் வழியாக ஒருவர் பாட்டைப் போட்டு மற்றவர்கள் கேட்டோம். சத்தம் பின்தங்கி வரும், பேஸ் சுத்தமாகப் போய்விடும். அதனால் இப்போது அவரவர் போனில் அதே பாட்டை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறோம். ஒருவர் மூன்று எண்ணுவார், எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்துவோம், அழைப்பைத் துண்டித்துவிடுவோம். பாட்டு முடிந்ததும் திரும்பக் கூப்பிட்டு அவரவர் பங்கைச் சொல்ல வேண்டும். ஹெட்போன் இருந்தால் நல்லது. இல்லையென்றால் போனை வெறும் பாத்திரத்துக்குள் வைக்காதீர்கள், தகரச் சத்தம்தான் வரும். மரப்பெட்டி தேடுங்கள்.

போன வாரம் மூன்று எண்ணும்போதே எங்கள் தெருவில் கரண்ட் போனது, நெட்டும் போனது. பாட்டு போனில் இருந்ததால் இருட்டிலேயே அழுத்தினேன். பதினைந்து நிமிடம் கழித்து லைன் கிடைத்தது. நாலு பேரும் பேசி முடிக்காமல் காத்திருந்தார்கள். என் பங்கு அன்றைக்கு டிரம்ஸ். மூன்றாவது பாட்டில் கா யான் அடிக்காமல் விட்ட இடத்தைச் சொன்னேன். அக்கா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, அந்தச் சீட்டை இன்னும் வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

வைத்திருக்கிறேன். அந்தப் பழைய நோட்டுக்குள்தான் இருக்கிறது.